ட்ரெய்லரின் பின்பாரம்

1.

டென்மார்க்கில் வாழும் தமிழர்களில் ட்ரெய்லர் இழுக்கத் தெரிந்தவர் ஒருவரே. அவர் பெயர் ஆரணன். மற்றவர்கள் ட்ரெய்லரைக் காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு போகிறார்கள். அது வேறு.

இதைச் சொன்னவரும் ஆரணன்தான். ஹேர்னிங்கில் ஒரு பிறந்தநாள் மண்டபத்தில், கடித்த ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, துளியும் சிரிக்காமல் சொன்னார். இதை எழுதுபவன் அவருக்கு எதிர்க்கதிரையில் இருந்தான். பல்கலைக்கழகத்தில் படிப்பவன், பேசுவதைவிடக் கேட்பவன் என்பதால் இப்படிப்பட்ட பிரகடனங்கள் அவன் மேசைக்கே வந்து சேரும். அன்றைக்கு அவனுக்கு ஒரு நகைச்சுவைக் கதை கிடைத்துவிட்டது என்று சந்தோஷம். மிச்சத்தை ஆரணன் வெளியே, வாகனத் தரிப்பிடத்தில் சொன்னார். அங்கே சாட்சிகள் இல்லை. அதைக் கேட்ட பிறகு நகைச்சுவைக் கதை எழுதும் திட்டம் கொஞ்சம் பழுதாகிவிட்டது.

(நேரில் "அண்ணை" என்று கூப்பிடும் ஒருவரைக் கதைக்குள் "அவன்" என்று எழுதுவதில் ஒரு சின்னச் சுகம் இருக்கிறது. இங்கிருந்து அவன்.)

2.

தொடக்கம், முதல் வரைவு: "ஹேர்னிங் இன்னும் உறங்கிக்கொண்டிருந்தது." (அது எப்போதும் அப்படித்தான். தகவல் அல்ல. வெட்டவும்.)

இரண்டாம் வரைவு: "அவர்கள் ஒரு படகு வாங்கியிருக்க வேண்டும்." (விளக்கம்: ஆரணன் அந்த நடுத்தர எஸ்.யூ.வி.யை வாங்கியதே படகு இழுக்கத்தான். விளம்பரப் படத்தில் அதே கார் ஒரு வெள்ளைப் படகை இழுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனது. பின்னால் கொக்கி பூட்டியாயிற்று. படகு இன்னும் வாங்கவில்லை. இந்தக் கதையும் முதலில் படகுக் கதையாகத்தான் இருந்தது. பிறகு படகுக்குப் பதிலாகத் தங்கை வந்துவிட்டாள்.)

மூன்றாம் வரைவு: "சாரங்கா வீட்டைவிட்டுப் போகிறாள்." (இது சரி. ஆனால் ஆரணன் ஒருபோதும் இப்படிச் சொல்லவில்லை. "தங்கச்சியின்ரை சாமான் கொஞ்சம் கொண்டுபோய் இறக்க வேண்டியிருந்தது" என்றுதான் சொன்னான்.)

மூன்றாவதையே வைத்துக்கொள்வோம். சாரங்கா ஒரு தாதி. கோப்பன்ஹேகன் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தின் பெயர் பிரெய்ன். அதே பக்கத்துப் புறநகரான புரொண்பியில் மூன்றாம் மாடியில் இருக்கிறார். தமிழர்தான், ஆனால் பெந்தெகொஸ்தே சபைக்காரர். சாரங்காவின் தகப்பன் மகேந்திரராசா கோயில் நிர்வாக சபையில் இருப்பவர். இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் போதும், ஹேர்னிங்கில் யாருக்கும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. சாரங்கா அவரோடு வாழப்போவதை வீட்டில் சொன்ன நாளிலிருந்து தாயும் தகப்பனும் அவளுடன் நேரடியாகக் கதைப்பதில்லை. ஆரணன் வழியாகக் கதைப்பார்கள்.

புறப்படுகிற அன்று காலை, குசினி. தாய் யோகம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றார். சாரங்கா அவருக்கு இரண்டு எட்டுத் தள்ளி.

"ஆரணன், உந்தப் பால்சட்டி வேணுமோ எண்டு கேள்."

"வேண்டாமெண்டு சொல்லு அண்ணா."

"வேண்டாமாம்."

"அங்கை பாலை எதுக்கை காய்ச்சிறதாம்?"

"மைக்றோவிலை."

"மைக்றோவிலையாம் அம்மா."

"விளங்கும். அந்த வீட்டிலை அப்பிடித்தான் இருக்கும்."

"எந்த வீட்டிலை எண்டு கேள் அண்ணா."

"நான் போய் ட்ரெய்லரைப் பாக்கிறன்," என்றான் ஆரணன்.

(அண்ணனும் தங்கையும் உண்மையில் பாதிக்கு மேல் டெனிஷில்தான் கதைத்தார்கள். எழுதுபவன் எல்லாவற்றையும் தமிழாக்கியிருக்கிறான். டெனிஷில் இந்தக் கதை இன்னும் குளிராக இருக்கும்.)

3.

ட்ரெய்லர் பக்கத்து வீட்டு யோர்னுடையது. டெனிஷ்காரர். மறுநாள் கழுவித் தர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அதில் ஆரணன் கட்டில், அலுமாரி, துணி தோய்க்கிற மெஷின், புத்தகப் பெட்டிகள் எல்லாவற்றையும் தானே ஏற்றினான். பாரமானவை முன்னுக்கு, பாரமில்லாதவை பின்னுக்கு. பின்பாரம் ஏறினால் ட்ரெய்லர் வால் ஆட்டும் என்பது அவனுக்குத் தெரியும். அவன் வெறும் வாய்க்காரன் அல்ல என்பதை எழுதுபவன் இங்கே ஒத்துக்கொள்கிறான். ஏற்றி முடித்து, மேலே தறப்பாள் விரிப்பை மூடிக் கட்டிவிட்டுக் குளிக்கப் போனான்.

ட்ரெய்லர் கொழுவினால் மோட்டர்வேயில் எண்பதுதான் சட்டம். இதுபற்றி ஆரணனுக்கு ஒரு வியாக்கியானம் இருந்தது: சட்டம் ட்ரெய்லருக்கு; கார் எனக்கு.

எண்பதில் ஓடுகிறவர் அப்பா. எண்பது என்றால் எழுபத்தைந்து. மகேந்திரராசா ட்ரெய்லர் கொழுவினால் முதலில் ஒரு லொறியைத் தேடுவார். கிடைத்ததும் அதற்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அது எங்கே போகிறதோ அதுவரைக்கும் முந்தமாட்டார். ஆரணன் இதை மண்டபத்தில் நடித்தே காட்டினான்: கழுத்தை முன்னுக்கு நீட்டி, இரண்டு கைகளாலும் சாப்பாட்டுத் தட்டைச் சுக்கான்போலப் பிடித்து, கண்ணை லொறியின் பின்கதவில் ஒட்டவைத்து.

"சுவாமி வெளிவீதி சுத்துற மாதிரி ஒரு ஓட்டம். பின்னாலை மேளம் இல்லாத குறை. ரெண்டாவது லேனை எதுக்குப் போட்டிருக்கிறாங்கள்? பாக்கவோ?"

மேசை சிரித்தது. எழுதுபவனும் சிரித்தான். அது பதிவாகட்டும்.

4.

இப்போது மகேந்திரராசா. இவரில்தான் எழுதுபவனுக்குச் சந்தேகம்.

ஆரணன் சொன்னபடி எழுதினால் இப்படி வருகிறது: மகேந்திரராசா வாசலில் நின்றார். மகளைப் பார்க்கவில்லை. மகனிடம் சொன்னார், "சாமானைக் கீழை இறக்கிப் போட்டு வா. அவன்ரை வீட்டுக்குள்ளை கால் வைக்கக்கூடாது. இண்டையோடை எங்களுக்கும் அவளுக்கும் போக்குவரத்து இல்லை."

பிழை இல்லாத வசனம். அதுதான் பிரச்சினை. ஹேர்னிங் துணி ஆலையில் முழு ஆயுளும் மெஷின் சத்தத்துக்குள் நின்று, வீட்டிலும் தலையாட்டலால் வாழ்க்கை நடத்திய ஒரு மனிதர் இத்தனை சொற்களை ஒரே மூச்சில் பேசுவாரா? மேடை நாடகத்துத் தகப்பன்மார் பேசுவார்கள். எழுதுபவன் வாகனத் தரிப்பிடத்தில் இதைக் கேட்டான்.

"அண்ணை, அப்பா அப்பிடியே சொன்னவரோ?"

"அப்பா எண்டா உனக்குத் தெரியாது."

தெரியாதுதான். இருக்கட்டும். வசனத்தை இப்போதைக்கு விட்டுவைக்கிறோம்.

5.

புறப்பட்டார்கள். வாசலில் நடந்ததை எழுதப் போனால் "சாரங்கா கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது, ஜன்னல் சீலை மெல்ல—"

வேண்டாம். எல்லாக் கதைகளிலும் அந்தச் சீலை அசைந்து களைத்துவிட்டது. புறப்பட்டார்கள், அவ்வளவுதான்.

ஊரைத் தாண்டினார்கள். மோட்டர்வே ஏறியதும் ஆரணன் எண்பதைத் தாண்டினான், தொண்ணூறைத் தாண்டினான். ட்ரெய்லர் சொல் கேட்டு வந்தது.

"அண்ணா."

"ம்."

"மேலை வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்."

"மூண்டாம் மாடியோ?"

"ஓம்."

"லிஃப்ட்?"

"இல்லை."

"பாப்பம்."

"பாப்பம் எண்டா வரமாட்டாய்."

"கீழை இறக்கித் தாறன். நீங்கள் ரெண்டுபேரும் ஏத்துங்கோ. அப்பா சொல்லிப்போட்டார், உனக்குத் தெரியும்தானே."

சாரங்கா ஃபோனில் வந்த செய்தியைப் பார்த்தாள். "பிரெய்ன் விடிய எழும்பி வீடு கூட்டுறாராம். ரெண்டாம் தரம் கூட்டுறாராம். நீ வாறாயெண்டு."

"நான் வாறனெண்டு ஆர் சொன்னது?"

"நான்தான்."

"நீ ஏன் என்னைக் கேக்காமல் சொல்லுறாய்?"

"கேட்டா நீ அப்பாவைக் கேப்பாய்."

அவள் கேட்டது ஒரே ஒரு கோப்பை தேநீர். அதைக் குடித்தால் அவளுக்கு இந்தப் பக்கத்தில் ஓர் ஆள் மிஞ்சுவான். குடிக்காவிட்டால் யாரும் இல்லை. இரண்டுபேருக்கும் அது தெரியும். தெரிந்ததால் ஆரணன் வேகத்தைக் கூட்டினான்.

(இங்கே பிரெய்னைப் பற்றி ஒரு பந்தி எழுதி வைத்திருந்தேன் என்று எழுதுபவன் சொல்ல ஆசைப்படுகிறான். எழுதவில்லை. ஆரணன் அதுவரை அவரைப் பார்க்க மறுத்ததால் எழுதுபவனுக்கும் பார்க்கக் கிடைக்கவில்லை. வீடு கூட்டுகிற ஒரு மனிதர் என்பது மட்டும் கையில் இருக்கிறது.)

வைலே உயரப் பாலத்தில் ஒரு பேருந்து அவர்களை முந்திப் போனது. அது கடந்த கையோடு ட்ரெய்லர் அசைந்தது. முதலில் ஒரு சின்னத் தலையாட்டல். பிறகு இடமும் வலமுமாக ஒரு வீச்சு. காரின் பின்பக்கத்தையே பிடித்து உலுக்குகிற மாதிரி அடுத்த வீச்சு. சாரங்கா கதவுப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். ஆரணன் பிரேக்கில் கால் வைக்கவில்லை. அக்ஸிலேற்றரில் இருந்து காலை எடுத்துவிட்டுச் சுக்கானை அசையாமல் பிடித்துக்கொண்டான். பாலம் முடியும்போது ட்ரெய்லர் அடங்கியது.

"என்னண்ணா அது?"

"பின்பாரம்."

"முன்னுக்குத்தானே பாரம் ஏத்தினனீ?"

"ஓம். அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

6.

பிரெடெரிசியா தாண்டியதும் வந்த ஓய்விடத்தில் நிறுத்தினான். தறப்பாளின் கயிற்றைப் பார்த்தான். அவன் போட்ட முடிச்சு இல்லை.

தறப்பாளைத் தூக்கினார்கள். கட்டில் அப்படியே இருந்தது, அலுமாரி அப்படியே. ஆனால் கடைசியில், வாலோடு ஒட்டி, அவன் ஏற்றாத சாமான்கள் இருந்தன. இருபது கிலோ அரிசி மூட்டை ஒன்று. ஐஸ்கிறீம் பெட்டிகளில் வறுத்துத் திரித்த மிளகாய்த்தூள், மூடியைச் சுற்றி பிளாஸ்டர் ஒட்டி. அந்தப் பால்சட்டி, அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய கரண்டிகள். இவை எல்லாவற்றுக்கும் நடுவில், பழைய போர்வை ஒன்றால் குழந்தையைப்போலச் சுற்றிக் கட்டிய ஏதோ ஒன்று.

சாரங்கா போர்வையை விலக்கினாள். உழுந்து அரைக்கிற கிறைண்டர்.

அந்தக் கிறைண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல் உருளை வைத்த, நிலத்தில் நிற்கிற பெரிய சாமான். சென்னையிலிருந்து கப்பலில் வந்தது. கோயிலில் அன்னதானத்துக்கு வடை சுடுகிற அன்றைக்குக்கூட யோகம்மா அதை இரவல் கொடுக்கமாட்டார். மற்றவர்கள் உழுந்தைத்தான் கொண்டுவர வேண்டும்.

"நான் இதைக் கேக்கேல்லை," என்றாள் சாரங்கா.

"நான் ஏத்தேல்லை."

பாரம் முன்னுக்குப் போனால்தான் பாலங்களைத் தாண்டலாம். ஆரணன் அரிசி மூட்டையைத் தோளில் தூக்கி முன்னால் போட்டான். பிறகு கிறைண்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தான். அது ட்ரெய்லர் தட்டோடு ஒட்டியது போல இருந்தது. இன்னொரு தரம் பார்த்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"அந்தப் பக்கம் பிடி."

இரண்டுபேருமாகத் தூக்கினார்கள். அப்படியும் பாதி வழியில் ஒருமுறை இறக்கி மூச்சு வாங்க வேண்டியிருந்தது. கொக்கிப் பக்கம் கொண்டுவந்து வைத்த பிறகும் சாரங்கா தன் பக்கத்துக் கையை எடுக்கவில்லை.

"அம்மாக்குத் தோள் ஏலாது," என்றாள்.

"ம்."

"பால்சட்டி தூக்கவே மற்றக் கையையும் குடுப்பா."

"ம்."

"நீ தூக்கினியோ?"

"நான் குளிச்சுக்கொண்டு நிண்டனான் எண்டு சொல்லுறன்."

வீட்டில் இருந்தவர்கள் நான்குபேர். சாரங்கா மாடியில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆரணன் குளித்துக்கொண்டிருந்தான். வாசகருக்குக் கணக்கு வரும்.

சாரங்கா ட்ரெய்லரின் விளிம்பில் உட்கார்ந்தாள். அழவில்லை. (முதல் வரைவில் அழுதாள். அது அவள் அல்ல, எழுதுபவன்.) பக்கத்தில் ஒரு டெனிஷ் குடும்பம் மேசையில் பாண் துண்டுகளும் மீனும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா உனக்கு என்ன சொன்னவர்?"

"அதுதான் சொன்னனே."

"நீ சொன்னது வேண்டாம். அப்பா சொன்னதை அப்பிடியே சொல்லு. வாயைத் திறந்து என்ன சொன்னவர்?"

ஆரணன் தறப்பாளின் கயிற்றைக் கட்டத் தொடங்கினான். கட்டி அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

"டயருக்குக் காத்துப் பாத்தனியோ எண்டு கேட்டவர்."

"பிறகு?"

"பாத்தனான் எண்டன்."

"பிறகு?"

"பிறகொண்டும் இல்லை."

"வீட்டுக்குள்ளை கால் வைக்கக்கூடாதெண்டு?"

"சொல்லேல்லை."

"போக்குவரத்து இல்லையெண்டு?"

"அவர் அப்பிடி நினைப்பாரெண்டு நினைச்சன்."

"இவ்வளவு நாளும் நீ எனக்கு வந்து சொன்னதெல்லாம்?"

அவன் முடிச்சை இன்னொருமுறை இறுக்கினான். வீட்டில் அத்தனை பேருடைய வாயாகவும் இருந்தவன் அவன். அம்மாவின் கேள்வி அவனூடாகத்தான் போனது, அப்பாவின் மௌனமும் அவனூடாகத்தான் போனது. கேள்வியை அப்படியே கொடுத்தான். மௌனத்தை மட்டும் மொழிபெயர்த்தான்.

ஆகவே ஒரு திருத்தம். நான்காம் பகுதியில் மகேந்திரராசா பேசுவதாக உள்ள வசனம் நீக்கப்படுகிறது. அதைப் பேசியவர் ஆரணன். சிரமம் பாராமல் வாசகர் திரும்பிப்போய் அதை அடித்துவிடவும். அந்த இடத்தில் "டயருக்குக் காத்துப் பாத்தனியோ?" என்று எழுதிக்கொள்ளலாம். தகப்பன் அதை யாருக்காகக் கேட்டார் என்பதையும் யோசித்துக்கொள்ளலாம்.

(ஏன் வீட்டுக்கு ஃபோன் எடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எடுத்திருந்தால் யோகம்மா, "என்ன கிறைண்டர்?" என்று கேட்டிருப்பார். மகேந்திரராசா ஃபோனுக்கே வந்திருக்கமாட்டார். கொடுத்ததைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று தெரிவிப்பது திருப்பிக் கொடுப்பதற்குச் சமம். பிள்ளைகள் இருவருக்கும் அந்த அளவுக்கு விவரம் இருந்தது.)

காரில் ஏறிய பிறகு சாரங்கா சொன்னாள்: "நீ மேலை வரவேண்டாம் அண்ணா."

"நான்—"

"வற்புறுத்தேல்லை. தேத்தண்ணிக்குக் கேட்டது பிழை. சாமானைக் கீழை இறக்கு, நாங்கள் ஏத்துவம். கிறைண்டருக்கு மட்டும் ரெண்டு ஆம்பிளை வேணும். அயலிலை ஆரையாவது கேக்கிறன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஆரணனுக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் நோயாளியின் உறவினரிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

7.

எழுதுபவனிடம் சில முடிவுகள் இருக்கின்றன.

அ. புரொண்பி. பிரெய்ன் படியிறங்கி வருகிறார், கையில் இன்னும் வீடு கூட்டின தும்புத்தடி. இரண்டு ஆண்களும் கிறைண்டரை ஆளுக்கொரு பக்கம் பிடிக்கிறார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பிரெய்ன், "பாத்து அண்ணை, கால்," என்கிறார். ஆரணன், "நீங்கள் உங்கடை காலைப் பாருங்கோ," என்கிறான். மேலே தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கிறது. (எழுதுபவனுக்கு இதுதான் விருப்பம். அதனால்தான் இதை அவன் நம்பவில்லை.)

ஆ. கிறைண்டர் நடைபாதையில் நிற்கிறது, போர்வையோடு. வெறும் ட்ரெய்லர் ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளித் துள்ளிச் சத்தம் போட்டுக்கொண்டு ஹேர்னிங்குக்குத் திரும்புகிறது. (நடக்கக்கூடியது. கெட்ட மனிதர்கள் தேவையில்லை. ஒருவன் காரைவிட்டு இறங்கத் தயங்கினாலே போதும்.)

இ. கடலைத் தாண்டும் பெரிய பாலத்துக்கு முன் ஆரணன் காரைத் திருப்பி, தங்கையை வீட்டுக்கே— (மோட்டர்வேயில் திருப்ப முடியாது. அவளும் திரும்பமாட்டாள்.)

வாகனத் தரிப்பிடத்தில் எழுதுபவன் நேராகவே கேட்டான். "பிறகென்ன அண்ணை? மேலை போனீங்களோ?"

"உள்ளுக்கை கேக் வெட்டப் போறாங்கள்," என்று சொல்லிவிட்டு ஆரணன் மண்டபத்துக்குள் போய்விட்டான். அப்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று எழுதலாம். விளக்கு அவன் முதுகுப் பக்கம் இருந்தது.

ஆகவே எழுதுபவனுக்குக் கிடைத்த இடம்வரைதான் எழுத முடியும். மூன்று மாடிப் படிகளும், அங்கே நிற்கிற அந்த மனிதரும், கிறைண்டரின் மற்றப் பக்கமும் உங்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. நீங்கள் எவ்வளவு நேரமும் எடுத்துக்கொள்ளலாம். காரில் இருப்பவர்களுக்கும் இன்னும் நேரம் இருக்கிறது.

அவர்கள் இப்போது பியூன் தீவின் நடுவில் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாரம் முன்னுக்கு வந்துவிட்டதால் ட்ரெய்லர் கோடு பிடித்தது போல வருகிறது. காற்றில்லை. ரோட்டிலும் கூட்டமில்லை. நூறில் பறக்கலாம், ஆரணன் அப்படிப் பறந்திருக்கிறான்.

முன்னால் ஒரு லொறி. பன்றி ஏற்றிய லொறி. கம்பி இடைவெளிகளில் இளஞ்சிவப்பு மூக்குகள் தெரிகின்றன. நாற்றம் காருக்குள் வருகிறது.

சாரங்கா தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அண்ணனைப் பார்க்கிறாள். முந்துவதற்கான இடப்பக்க லேன் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெறுமையாகக் கிடக்கிறது.

"முந்தேல்லையோ?"

"நிக்கட்டும்."

அவள் வேகமுள்ளைப் பார்க்கிறாள். ஃபோனை எடுத்து, நாங்கள் வரச் சுணங்கும் என்று பிரெய்னுக்கு எழுதுகிறாள்.

லொறி ஒரு சின்ன ஏற்றத்தில் வேகம் குறைகிறது. ஆரணன் இரண்டு கைகளாலும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, தானும் குறைக்கிறான்.